நூராவின் கல்யாணத்துக்கு எள்ளுருண்டை

குவைத்தில் நான் வேலை செய்கிற வீட்டு எஜமானியை ‘மாமா’ என்றுதான் கூப்பிட வேண்டும். அரபியில் மாமா என்றால் அம்மா. வீட்டு ஐயா ‘பாபா’. வந்த புதிதில் அந்தச் சொல் எனக்கு வாயில் வரவே வராது. கண்ணுக்கு மை தீட்டி, சாம்பிராணி வாசத்தோடு சோபாவில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து ‘மாமா’ என்று கூப்பிடும்போதெல்லாம், எங்கள் ஊர் ஹட்டன் டவுனில் சைக்கிள் கடை வைத்திருந்த என் தாய்மாமனின் மீசை ஞாபகத்துக்கு வரும். சிரிப்பை அடக்கிக்கொண்டு தேநீர்த் தட்டை வைத்துவிட்டுத் திரும்புவேன். என் பெயரும் அப்படித்தான் ஆயிற்று. சரஸ்வதி என்ற பெயர் அவர்கள் நாக்கில் நிற்கவில்லை. முதல் நாளே சாரா ஆக்கிவிட்டார்கள். ஒன்பது வருடம் நான் ஃபஹாஹீலில் சாராவாக இருந்தேன்.

ஃபஹாஹீல் எப்படி இருக்கும் என்று ஊரில் கேட்பீர்கள். கடற்கரை ஊர், எண்ணெய்க் கம்பனிகள் பக்கத்தில், நம் ஆட்கள் நிறைய உண்டு, கருவாட்டிலிருந்து கறிவேப்பிலை வரை எல்லாம் கிடைக்கும். இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. நான் பார்த்த ஃபஹாஹீல், குசினி ஜன்னல் வழியாக இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் தெரியும் ஒரு கீற்றுக் கடல். அப்புறம் கார்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓடும் கடைகள். குப்பை போடப் போகும்போது கேட்டுக்கு வெளியே பத்தடி. வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை, மாதம் தவறாமல் சம்பளம் தந்தார்கள். ஆனால் என் பாஸ்போர்ட் பாபாவின் அலமாரியில் இருந்தது. அந்த அலமாரிச் சாவி எங்கே இருக்கும் என்பது பாபாவையும் நூராவையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

நூரா அவர்களுடைய ஒரே மகள். நான் வந்தபோது பள்ளிக்கூட உடுப்போடு ஓடிக்கொண்டிருந்த பிள்ளை. காலையில் அவளுக்குத் தலை வாரிப் பின்னி விடுவது என் வேலை. அதே நேரம் ஹட்டனில் என் அக்கா என் மகள் தர்ஷினிக்குத் தலை வாரிக்கொண்டிருப்பாள். தர்ஷினியின் அப்பா மரம் முறிந்து மேலே விழுந்து இறந்த பிறகுதான் அவளை அக்காவிடம் விட்டுவிட்டு நான் விமானம் ஏறினேன். போன வருடம் தர்ஷினிக்குக் கல்யாணம் நடந்தது. லீவு கிடைக்கவில்லை. இந்த வருடம் அவள் பிள்ளை உண்டானாள். கார்த்திகை மாதம் பிரசவம் என்றார்கள். கோடையோடு என் ஒப்பந்தமும் முடிந்திருந்தது. மாமாவிடம் போய்க் கேட்டேன்.

“நூராவுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். நீ இல்லாமல் எப்படி? பாதேன்” என்றாள்.

பாதேன் என்றால் பிறகு. வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

ஐப்பசி பிறந்தால் எங்கள் மலையில் மழை விடாது. துணி காயாது, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுச் சுவரெல்லாம் ஈரம் கசியும். இங்கே ஐப்பசி என்றால் வெயில் கொஞ்சம் இறங்கி, மனிதர்கள் வீட்டை விட்டு வெளியே வரும் காலம். ஆறு மாதமாக மூடிக் கிடந்த ஜன்னல்களைத் திறப்பார்கள். கல்யாணங்கள் தொடங்கும். வருகிறவர்களுக்குக் கையில் கொடுத்தனுப்ப ஒரு சின்னப் பெட்டியில் தின்பண்டம் போட்டு வைப்பார்கள். நம் தாம்பூலப் பை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கடைகளில் சொக்லேட்டுக்குச் சொல்லிவைப்பதுதான் இங்கே வழக்கம். மாமாவும் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தாள்.

என் கணவரின் நினைவு நாள் அந்த வாரத்தில் வந்தது. வருடா வருடம் அன்றைக்கு மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டு ஓய்ந்த பிறகு, கொஞ்சம் எள் வறுத்து, கித்துள் கருப்பட்டி காய்ச்சி, நாலைந்து உருண்டை பிடித்து வைத்துக் கும்பிடுவேன். அன்றைக்கு உருண்டை ஆறுவதற்குள் நூரா குசினிக்குள் வந்துவிட்டாள். கேட்காமலே ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“சாரா! இது என்ன?”

செத்தவர்களுக்காகச் செய்தது, நீ கல்யாணப் பொண்ணு, இதைத் தின்னக் கூடாது என்று சொல்ல நினைத்தேன். என் அரபி குசினி அரபி. உப்பு, அடுப்பு, துணி, குழந்தை, இவற்றுக்கெல்லாம் சொல் உண்டு. திதிக்கும் படையலுக்கும் சொல் கிடையாது. உருண்டையைக் காட்டி, “ஹாதா மவுத்” என்றேன். இது மரணம்.

நூரா கைகொட்டிச் சிரித்தாள். “ஆமாம், ஆமாம்! மவுத்! ஹிலூ மவுத்!” என்று இன்னொன்றை எடுத்தாள். பிறகுதான் தெரிந்தது, இவர்கள் ஒன்று அளவுக்கு மீறி ருசியாக இருந்தால் அப்படித்தான் சொல்வார்களாம், சாகிற அளவுக்கு இனிப்பு என்று. அவள் அப்படியே ஓடிப்போய் மாமா வாயில் ஒன்றை ஊட்டினாள். சாயங்காலத்துக்குள் சொக்லேட் வேண்டாம் என்று கடைக்குச் சொல்லியாகிவிட்டது. கல்யாணப் பெட்டியில் சாராவின் எள்ளுருண்டை.

எங்கள் வீட்டில் நல்ல காரியத்துக்கு எள்ளை எடுக்க மாட்டோம். தலை பின்னி வளர்த்த பிள்ளையின் கல்யாணத்தில், அத்தனை பேர் கையிலும் நானே எள்ளைக் கொடுப்பதா? டிரைவர் பஷீர் பாயிடம் சொல்லி அழுதேன். தொண்டிக்காரர். அந்த வீட்டில் நான் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள்.

“அக்கா, இவுகளுக்கு எள்ளும் ஒண்ணுதான், பேரீச்சம்பழமும் ஒண்ணுதான். நம்ம நெனப்புதான் எல்லாம். மனசு நெறைஞ்சு செஞ்சு குடுங்க. இத முடிச்சிட்டா ஊருக்கு அனுப்புறேன்னு சொல்லியிருக்காகள்ல?”

சொல்லியிருந்தார்கள். அதனால்தான் செய்தேன். மனசு ஆறாமல், ஒவ்வொரு சட்டியிலும் எள்ளோடு பொட்டுக்கடலையும் தேங்காய்ப் பூவும் ஏலமும் சேர்த்தேன். இது வேறு பலகாரம், இது மங்களப் பலகாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கருப்பட்டிப் பாகு பதம் தவறினால் ஒன்று உருண்டை உதிரும், இல்லையென்றால் பல்லை உடைக்கும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, அது கரையாமல் விரலில் உருண்டதும் இறக்கி, சூடு ஆறுமுன் பிடித்தாக வேண்டும். நூராவும் பக்கத்தில் உட்கார்ந்து பிடிக்கிறேன் என்றாள். முதல் உருண்டையிலேயே கையை உதறிக்கொண்டு எழுந்தாள். என் உள்ளங்கை சிவந்து கிடந்ததைப் பார்த்து, ஐஸ் கட்டி எடுத்துவந்து தானே என் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளை அப்படித்தான். அவளை வெறுக்க முடிந்திருந்தால் என் வாழ்க்கை கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பிடித்து முடித்து, தங்க நிறப் பெட்டிகளில் போட்டு, ரிப்பன் கட்டினேன். நூற்றுக்கணக்கில் அடுக்கியிருந்த பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. தர்ஷினியின் கல்யாணத்துக்கு அக்கா டவுன் கடையில்தான் பலகாரம் வாங்கினாள். என் கையால் ஒன்றும் போகவில்லை.

கல்யாண மண்டபத்தில் பெண்கள் பக்கம் வாசலில் கூடையோடு என்னை நிறுத்தினார்கள். புது உடுப்பு தைத்துக் கொடுத்திருந்தார்கள். வெளியே போகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு பெட்டி கொடுக்க வேண்டும். சிலர் அங்கேயே திறந்து வாயில் போட்டுக்கொண்டு திரும்பிவந்து இன்னொன்று கேட்டார்கள். நூராவின் பெரியம்மா என் தோளில் கை வைத்து, “இவளை எனக்குக் கொடுத்துவிடு” என்று மாமாவிடம் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமா சிரித்துக்கொண்டே, “முடியாது, நூராவுக்குக் கொடுத்தாகிவிட்டது” என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் என் பெட்டியைக் கட்டச் சொன்னாள். ஊருக்கு என்று எண்ணிச் சந்தோஷமாகக் கட்டினேன். போகச் சொன்னது நூராவின் புது வீட்டுக்கு. அவளுக்குச் சமைக்கத் தெரியாது, வீடு ஒழுங்காகும் வரை ஒரு ஆறு மாதம், அதற்குப் பிறகு இன்ஷா அல்லாஹ். என் இகாமாவை, குவைத்தில் தங்கும் அனுமதியை, நூராவின் புருஷன் பெயருக்கு மாற்றப் பாபா ஆள் அனுப்பிவிட்டாராம்.

நன்றாகச் செய்து முடித்தால் விட்டுவிடுவார்கள் என்றுதான் கையைச் சுட்டுக்கொண்டேன். நன்றாகச் செய்ததாலேயே விடவில்லை.

அன்றைக்கு நான் அடுப்பு மூட்டவில்லை. என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன். மாமா கதவைத் தட்டிப் பார்த்தாள், திட்டினாள், பிறகு காய்ச்சலா என்று கேட்டாள். பஷீர் பாய் ஜன்னல் பக்கமாக வந்து நின்றார்.

“அக்கா, கோவத்துல எம்பசிக்கு ஓடிப்போயிராதீக. ஓடிப்போயிட்டான்னு கேஸ் எழுதிட்டா, நீங்க ஊரு போய்ச் சேர எத்தன மாசம் ஆகும்னு தெரியாது. பேசிப் பாருங்க.”

“யாருக்கிட்ட பேசுறது பாய்? எல்லாரும் பாதேன் பாதேன்னுதானே சொல்றாங்க.”

“நூராகிட்ட பேசுங்க.”

இரண்டு நாள் கழித்து நூரா புருஷனோடு விருந்துக்கு வந்தாள். கை நிறைய மருதாணி. நேரே என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் அரபியில் சொன்னதையும் நான் என் உடைந்த அரபியில் சொன்னதையும் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“என்கூட வரப் பிடிக்கலையா சாரா? நான் உன் மகள் இல்லையா?”

“மகள்தான். அதனாலதான் உன்கிட்ட கேக்கிறேன். என் பொண்ணுக்கு அடுத்த மாசம் பிள்ளை பிறக்கப் போகுது.”

“போன்ல பேசலாமே. வீடியோல பாக்கலாமே.”

“கல்யாணத்தையே வீடியோலதான் பாத்தேன். அந்தக் குசினியில நின்னு. தாலி கட்டுற நேரம் நீ வந்து ஆம்லெட் கேட்ட. போனைக் கவுத்து வச்சிட்டுப் போட்டுக் குடுத்தேன். திரும்பப் பாக்கும்போது கட்டி முடிச்சிட்டாங்க.”

நூரா என்னையே பார்த்தாள். “எப்போ? எனக்கு ஞாபகமே இல்லையே” என்றாள். அவளுக்கு ஞாபகம் இருக்க நியாயம் இல்லை. அது சாதாரண ஒரு காலை. ஒரு ஆம்லெட். அவள் அழுதாள். நான் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போனாள். மாடியில் அவளும் மாமாவும் சத்தம் போடுவது கேட்டது. பாபாவின் குரலும் கேட்டது. இறங்கி வந்தபோது அவள் கையில் என் பாஸ்போர்ட் இருந்தது.

“மூணு மாசம்” என்றாள். “அப்புறம் நீ என்கிட்ட வரணும். சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். வேறு என்ன செய்ய?

தர்ஷினிக்கு வலி எடுப்பதற்கு முன்பே ஹட்டன் போய்ச் சேர்ந்தேன். மழையும் பனிமூட்டமும். எல்லோரும் ஆசையாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் வீட்டில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தர்ஷினி என்னிடம் விருந்தாளியிடம் பேசுவது போல, “இருங்கம்மா, நான் எடுக்கிறேன்” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்கையில் தள்ளிக்கொண்டு போகும்போது நான் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். வலி உச்சத்துக்கு வந்தபோது அவள் “பெரியம்மா! பெரியம்மா!” என்று கத்தினாள். அக்கா சட்டென்று விலகி என்னை முன்னால் தள்ளினாள். “உங்கம்மா இந்தா இருக்காடி” என்றாள். தர்ஷினி என் கையைப் பிடித்தாள். கெட்டியாகத்தான் பிடித்தாள். யார் கை என்று பார்த்துப் பிடித்தாளா என்பது எனக்குத் தெரியாது. பேரன் பிறந்தான்.

நான் திரும்பி வந்துவிட்டேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதை நூராவின் வீட்டில் இருந்துதான் எழுதுகிறேன். இப்போது மாமா என்று நான் கூப்பிட வேண்டியது நூராவை. ஏன் திரும்பினாய் என்று கேட்காதீர்கள். ஊரில் கட்டத் தொடங்கிய வீட்டுக்குச் சுவர் மட்டும்தான் எழும்பியிருக்கிறது. பேரன் பிறந்த வாரத்திலேயே மருமகன் மரியாதையாகத்தான் கேட்டார், “அத்தை, லீவு எப்ப முடியுது?” என்று.

அதற்கு முன்னால், லீவு முடிய இருந்த தை மாதத்தில், ஊரில் ஒரு காலை. பின்வாசலில் பலகையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, பேரனை மேலே கிடத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வெந்நீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. போன் அடித்தது. என் கையெல்லாம் எண்ணெய். தர்ஷினி எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். திரையில் நூரா. அவளும் உண்டாகியிருக்கிறாள். அழுகிறாள், சிரிக்கிறாள். சாரா, சீக்கிரம் வா, என் பிள்ளையையும் நீதான் இப்படிக் குளிப்பாட்ட வேண்டும், நான் யாரையும் நம்ப மாட்டேன் என்கிறாள்.

“என்னம்மா சொல்லுது அந்தப் பொண்ணு?” என்று தர்ஷினி கேட்டாள்.

“பிள்ளை அழகா இருக்கான்னு சொல்லுது.”

“அம்மாவை எங்கக்கிட்டயே விட்டுறச் சொல்லுங்க” என்றாள் தர்ஷினி, சிரிக்காமல். ஒன்பது வருடத்தில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“என்ன சொல்கிறாள்?” என்று அந்தப் பக்கம் நூரா கேட்டாள்.

“உனக்கு வாழ்த்துச் சொல்றா” என்றேன் அரபியில்.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துத் தலையாட்டிக்கொண்டார்கள். வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. பிள்ளை காலின் மேல் கிடந்தான், எண்ணெய் வழுக்கியது, என்னால் அசையவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை.