உசனாரின் ஒரே எதிரி

காத்தான்குடி உசனாருக்கு இந்த உலகத்தில் எதிரி என்று இருந்தது கூழைக்கடா மட்டும்தான். போர் செய்த இரு தரப்பையும் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. கூழைக்கடாவை ஏசினால் யாரும் வீடு தேடி வந்து விசாரிக்க மாட்டார்கள். கடற்கரைக்கு எதிர்ப்புறம், ஊருக்குப் பின்னால் ஒரு உப்புநீர் வாவி; அதன் நடுவே ஒரு தீவு. அந்தத் தீவின் கண்ணா என்ற அலையாத்தி மரங்களில் கூடு கட்டி, அவருடைய வலையில் சாப்பிட்டுவிட்டு, தாடைப்பையை ஆட்டிக்கொண்டு போகும் பறவை அது.

2004 மார்கழியில் அந்த ஞாயிறு காலை அவர் கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் முதல்நாள் கூழைக்கடாக்கள் அவருடைய வாவி வலையைக் கிழித்துவிட்டன. கோபம் தலைக்கேறி, தகரம் தட்டி விரட்ட மனைவி கைறுன்னிஸாவையும் ஏற்றிக்கொண்டு தோணியை வாவிக்குள் விட்டார். இவர்கள் அங்கே தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே கடல் வந்து வீட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அதன் பிறகும் உசனார் ஏசத்தான் செய்தார். வலை உதறும்போது மட்டும் சின்ன மீன்கள் தீவுப் பக்கமாகவே விழுந்தன.

"கை தவறிட்டு" என்பார்.

சுனாமி நிவாரணம் தையற்காரருக்கும் தோணி கொடுத்தது. போர் முடிந்து வாவி முழுவதும் மீன்பிடிக்கத் திறந்தபோது மீனைவிடத் தோணி கூடிவிட்டது. வலையில் மீன் குறைந்ததற்குக் குற்றவாளி யார்? வேறு யார், கூழைக்கடாதான்! உசனாரை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் மீனவர் சங்கத் தலைவர் மின்ஹாஜ் கோடரியோடு கூட்டத்துக்கு வந்தார்.

"தீவில மரமெல்லாம் வெட்டுவம். உசனார் காக்காதான் முன்னுக்கு. அதுகளுக்கு அவரை விட்டா ஆரு எதிரி?"

கூடுகளில் அப்போது குஞ்சுகள். தனக்கு உயிர் தந்த பறவை என்று உசனார் சொன்னால் சாகும்வரை சிரிப்பார்கள்.

"போவம் தம்பி. ஆனா அதில முந்தி ஆமிக்காரன்ட காவல் சென்றி கிடந்தது. மிதிவெடி இருக்கோ இல்லையோ, அல்லாஹ்தான் அறிவான். தலைவர் நீ முன்னுக்கு நட, உன்ட காலடியப் பாத்து நான் வாறன்."

மின்ஹாஜ் கோடரியை மெல்லக் கீழே வைத்தார்.

"வெடி எடுக்கிறவங்க முதல்ல வந்து பாக்கட்டும் காக்கா."

வெடி எடுக்கிறவர்கள் ஆற அமர, மாதங்கள் கழித்துத்தான் வந்தார்கள். கிடைத்தது ஒரு துருப்பிடித்த தகரம். குஞ்சுகள் அதற்குள் பறந்துவிட்டன. தையற்காரரும் தோணியை விற்றுவிட்டு மெஷினுக்குத் திரும்பிவிட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கரையேற, வலைகளில் மீன் கூடியது. மரங்களை எல்லோரும் மறந்துபோனார்கள்.

"இவ்வளவு சுத்திவளைச்சுப் பேசினத்துக்கு, அதுகளுக்கு நேரா ஒரு நன்றி சொல்லியிருக்கலாமே" என்றாள் கைறுன்னிஸா.

"ஆருக்கு? என்ட வலையக் கிழிச்ச கள்ளனுகளுக்கா?"

சொல்லிக்கொண்டே வலையைத் தீவுப் பக்கமாக உதறினார். வாய் திறக்கப் போனவரை அவள் முந்திக்கொண்டாள்:

"தெரியும், தெரியும். கை தவறிட்டு!"