பியருக்கு ஊற்றுத் தண்ணீர்

மருமகன் வீட்டில் பியர் காய்ச்சத் தொடங்கிய அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. பியரில் எனக்குக் கோபமில்லை. குடிக்கிறவர் வீட்டிலேயே இருந்து குடிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். கோபமெல்லாம் தண்ணீரில்தான்.

அப்போது நாங்கள் வில்லரே என்கிற நகரப் பகுதியில் ஒரு மேல்மாடி வீட்டில் இருந்தோம். வீதியிலிருந்து ஏறுவதற்கு வெளியே ஒரு இரும்புப் படி. குளிர் தொடங்கினால் அதில் ஐஸ் பிடித்துவிடும். மகள் அப்போது பிள்ளைத்தாச்சி. பகல் முழுக்கக் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் ஊரார் பிள்ளைகளைத் தூக்கிவிட்டு வருவாள். மருமகனுக்கு டவுன்டவுனில் ஒரு உணவகக் குசினியில் இரவு வேலை. பகலில் தூக்கம்.

முதல் தரம் காய்ச்சிய பியரில் மருந்து மணம் அடித்தது. குழாய்த் தண்ணீரில் இருக்கிற குளோரின்தான் காரணமாம். அதற்குப் பிறகு ஊற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்றார். கைப்பிடி வைத்த பெரிய போத்தல்கள். கடை மகள் வருகிற வழியில் இருந்ததால் சுமப்பதும் அவள்தான்.

நான் மருமகனோடு முகம் பார்த்துக் கதைக்கிறவள் இல்லை. எதுவானாலும் மகளிடம் சொல்லித்தான்.

"அவரிட்டைச் சொல்லு பிள்ளை, வயித்தோடை பாரம் தூக்கேலாதெண்டு."

"சொன்னா, தான் போறன் எண்டுவார். பேந்து படுத்திடுவார். விடுங்கோ அம்மா."

"அப்ப நான் போறன்."

"உங்கடை முழங்காலோடையோ? பேந்து உங்களையும் நான்தான் தூக்கோணும்" என்று சிரித்தாள்.

அவருக்கு லீவு நாள் ஒன்றில், பின்னேரம், படியில் தடாரென்று சத்தம். கதவைத் திறந்தேன். மகள் நடுப்படியில் விழுந்தபடி இருந்தாள். ஒரு கை வயிற்றில். மற்றக் கை போத்தலை விடவில்லை.

"ஒண்டுமில்லை அம்மா, வழுக்கினதுதான்."

உள்ளே கூட்டிவந்தேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு அறையிலிருந்து வந்தார்.

"தண்ணி வந்திட்டுதோ?"

போத்தலை எடுத்து என் பெரிய பானையில் கவிழ்த்து அடுப்பைப் போட்டேன்.

"மாமி, அது பியருக்கெல்லோ!"

"தெரியும் தம்பி. இப்ப இது இவள் குளிக்க. சுமந்தவளே குளிக்கட்டும்."

அவர் முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அப்போதுதான் அவர் அவளுடைய நனைந்த கோட்டைப் பார்த்தார்.

"என்ன, விழுந்திட்டீரோ?" முகம் வெளிறிவிட்டது. அவளை இருத்தினார். பிறகு என்னிடம் வந்தார். "கோவியாதேங்கோ மாமி. இனி அவ தூக்க வேண்டாம். குழாய்த் தண்ணியிலையும் செய்யலாம். அதுக்கொரு குளிசை இருக்கு."

பியர்ச் சாமான் பெட்டியைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்தார். அரைக் குளிசையைக் கரண்டியால் நசுக்கிக் குழாய்த் தண்ணீரில் போட்டுக் கலக்கினார்.

"இவ்வளவுதானோ?"

"ஓம் மாமி. கொஞ்சத்திலை குளோரின் போயிடும்."

"இது முந்தியே தெரியுமோ?"

கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "பெட்டியோடை வந்ததுதான். ஊத்துத் தண்ணியெண்டா ருசி கொஞ்சம் கூட எண்டு வேலையிடத்துப் பெடியள் சொன்னவங்கள்."

பிள்ளை சுகமாகப் பிறந்தது. போத்தலும் பிறகு வீட்டுக்கு வரவில்லை. மருமகன் நல்லவர் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுப்பதில்லை. ஆனால் அந்த அரைக் குளிசை கரைய ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள்.