தார்ப்பாய் கழற்றிய ஜீப்

மார்கழிக் காலையில், பாபநாசம் சாலையில் மகள் தன் காரின் கூரையைத் திறந்ததும் பனியும் நெற்கதிர் வாசமும் முகத்தில் அடித்தன. எனக்கு எட்டு வயது திரும்பியது.

அத்தையின் கணவர் இறந்தபிறகு, அவருடைய ஜீப்பை அத்தை ஓட்டக் கூடாது என்று பெரியப்பா தடுத்தார். மறுநாள் காலையிலேயே அத்தை அதன் தார்ப்பாயைக் கழற்றிவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளம்பினார்.

“குளிருது அத்தை, மூடிடுங்க.”

“மூடினா யார் ஓட்டுறான்னு தெரியாதுடி. எல்லாரும் நல்லா பாக்கட்டும்.”

கடைத்தெருவில் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினார். என்ன ஒரு நிமிர்வு! டீக்கடை வாசலில் பெரியப்பா நின்றிருந்தார். அத்தை ஜீப்பை நிறுத்தினார்.

“அண்ணே, வயலுக்குத்தான் போறேன். ஏறிக்கிறீங்களா?”

பெரியப்பா துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார்.