மாட வீதிக்குப் பக்கத்தில் ஒரு துணி வீடு

மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய தெருவில் வீடு கட்டித் தர வேண்டும் என்று மாமி கேட்டபோது, அதற்கு இந்த ஊரில் என்னை விட்டால் வேறு ஆர்க்கிடெக்ட் இல்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். நடுவில் கொஞ்ச நாள் மட்டும் சந்தேகம் வந்தது.

மாமி கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர், தனி ஆள். பழைய வீடு மழையில் சரிந்து, காலி மனைதான் மிச்சம். பாரம்பரியப் பகுதி என்பதால் வரைபடத்தை ஒரு குழு பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மனையை விற்றுவிட்டு ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில், சுற்றுச்சுவரும் காவலும் உள்ள ஃப்ளாட் வாங்கலாம் என்று மாமியின் தம்பி ஒற்றைக்காலில் நின்றார். மாமிக்கோ இந்தத் தெருவை விட்டால் மூச்சு முட்டும்.

முதல் வரைபடத்தில் தூண், ஓடு, யாளி, தொங்கு விளக்கு என்று என்னிடமிருந்த பக்தியையெல்லாம் கொட்டினேன்.

"இது ஆத்து வாசல் மாதிரியா இருக்கு? ஈசிஆர் ரிசார்ட் மாதிரின்னா இருக்கு!" என்றார் மாமி. "வந்தவாளுக்கு மாலை போட்டு ஜூஸ் குடுப்பேளா?"

குழு இதையே நாகரிகமாக எழுத்தில் சொன்னது.

இரண்டாவதில் வேஷமே இல்லை. வெறும் கான்கிரீட், மெல்லிய இரும்புக் கால்கள். ஆனால் பக்கத்து வீடுகளின் கூரை எந்த உயரத்தில் தெருவை நோக்கி நீள்கிறதோ, அதே உயரத்தில் இதுவும் நீளும். மாடி பின்னால் ஒதுங்கிக்கொள்ளும். மாமி ஆசைப்பட்டதால் வாசலில் ஆளுயரக் காம்பவுண்டு சுவரும் கேட்டும். குழுவுக்குப் பாதி மனசு. தெருவில் நின்று பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். முழு அளவில் கட்டியே காட்டுகிறேன் என்று என் வாய் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது.

சவுக்குக் கம்பாலும் வெள்ளைத் துணியாலும் வீட்டின் உருவத்தை எழுப்பினார் பந்தல்காரர். காம்பவுண்டு சுவருக்குத் துணி போதாததால், அது வரும் இடத்தில் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். குழு வரும் நாள் காலையில் போனால், முகப்பின் இரு பக்கமும் குலை தள்ளிய வாழை மரம்.

"என்னங்க இது?"

"இன்னா சார் நீ? வாழ கட்டாம பந்தல் போட்டா சாவு வூடுன்னு நென்ச்சிக்குவாங்கோ."

வெயில் ஏற ஏற ஆட்கள் உள்ளே வந்தார்கள். சுண்ணாம்புக் கோட்டை ஒருவரும் மதிக்கவில்லை. "கல்யாணம் யாருக்கு சார்?" என்றார் ஒருவர். "மோர் எப்போ ஊத்துவீங்க?" என்றார் இன்னொருவர். பூக்காரம்மா கூடையோடு என் வரவேற்பறையில் உட்கார்ந்து மல்லி கட்டினார். வந்தவர்களை வெறுமனே அனுப்ப மனம் வராமல், மாமி பக்கத்து வீட்டில் ஒரு அண்டா மோர் கலக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் குழு வந்து இறங்கியது. காட்டுவதற்கு வீடே தெரியவில்லை. தலைகள்தான் தெரிந்தன. "கொஞ்சம் கூட்டமாயிடுச்சு மேடம்" என்று இழுத்தேன். குழுத் தலைவி மேலே துணிக்கூரையைப் பார்த்தார். கீழே பார்த்தார்.

"இது என்ன கோடு?"

"காம்பவுண்டு சுவர் மேடம்."

"அப்ப இவங்கல்லாம் எங்க நிப்பாங்க?"

நான் போட்ட கோட்டை நானே இன்னொரு தரம் பார்த்தேன். என் வாழ்க்கையில் அபூர்வமான நிகழ்ச்சி அது.

"தெருவுக்கு நிழல நீட்டிட்டு, அத சுவர் வெச்சு அடைச்சா எப்படி? சுவர எடுத்திடுங்க. மத்தது எல்லாம் சரி."

எல்லோரும் மாமியைப் பார்த்தோம். மோர்க் கரண்டியை அண்டாவில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உள்ள பூட்டற கதவு ஒண்ணு இருக்கோன்னோ?"

"இருக்கு மாமி. இரும்புக் கதவு. யானை முட்டினாலும் திறக்காது."

"அப்போ சுவர் வேண்டாம். சுவருக்குள்ளயே இருக்கணும்னா நான் பெரும்பாக்கத்துக்கே போயிருப்பேனே!"

வீடு எழும்பி மாமி குடிபோய்விட்டார். பத்திரிகைக்குப் படமெடுக்க ஆள் அனுப்பினேன். ஒரு படத்திலும் முகப்பு முழுசாக விழவில்லை. கூரை நிழலில் எப்போதும் இரண்டு ஆட்டோ, நாலு பேர்.

"வண்டிய எடுங்கோப்பா!" என்று மாமி தினமும் சண்டை போடுகிறார்.

"தோ மாமி, அஞ்சு நிமிசம். இன்னா வெயிலு!"

பிறகு எனக்குப் போன் செய்து சண்டையை ஒரு வரி விடாமல் ஒப்பிக்கிறார். நேற்று தம்பி வந்தாராம். கார் நிறுத்த இடமில்லாமல் எங்கோ விட்டுவிட்டு வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தாராம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் மாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.