சம்பந்தி மாதிரி ஒரு பேக்கேஜ்

இன்னைக்கு மஸ்கெலியா பக்கத்துல ஒரு தோட்டப் பாடசாலைக்குப் போயிருந்தேன். அங்க இருக்கிற பழைய லினக்ஸ் லேப்டொப்புல படம் வரையிற மென்பொருள் ஒன்னு போட்டுக் குடுக்கணும். என் பென் ட்ரைவ்ல அது ரெண்டு விதமா இருந்துச்சு: ஒன்னு முறைப்படி இன்ஸ்டோல் பண்ற பேக்கேஜ், இன்னொன்னு அவிழ்த்தா அப்படியே ஓடுற சும்மா ஸிப்.

கம்ப்யூட்டர் டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரங்க. "ஸிப்பை மூட்டை மாதிரி அவிழ்த்துக் கொட்டாதையும். பேக்கேஜைப் போட்டு முறையா இன்ஸ்டோல் பண்ணும்"னாங்க.

சரின்னு போட்டேன்.

மாமன் மச்சானையும் அழைச்சாத்தான் பந்தியில உக்காருவேன்னு நிக்கிற சம்பந்தி மாதிரி, அது இன்னும் ஏழெட்டு பேக்கேஜை நெட்டுல இருந்து எடுத்துட்டு வான்னுச்சு. அந்தத் தோட்டத்துல சிக்னல் கோயிலடியில மட்டுந்தான். வாசல்ல தரம் ஆறு பிள்ளைங்க வேற எட்டி எட்டிப் பார்க்கிறாங்க.

டீச்சர் முகத்தைப் பார்க்காம ஸிப்பை அவிழ்த்தேன். அது சோத்துப் பார்சலோட வந்த விருந்தாளி. வேணுங்கிறது எல்லாம் உள்ளயே இருந்துச்சு. டக்குன்னு திறந்திருச்சு!

பிள்ளைங்க போட்ட சத்தத்துல அதிபரே ஓடி வந்துட்டாரு. பிள்ளைங்க முதல்ல வரைஞ்சது டீச்சரைத்தான், பெரிய மூக்குக் கண்ணாடியோட. டீச்சரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

கிளம்புறப்ப மெதுவா அவங்க பென் ட்ரைவை நீட்டினாங்க. "என்ர லேப்டொப்புக்கும் உந்த மூட்டையைத் தாரும்."

இப்ப ஹட்டன் பஸ்ல வர்றேன், டீச்சர்கிட்ட இருந்து கோல். "வடிவா வேலை செய்யுது. ஆனா மெனுவில ஐகொனைக் காணேல்லையே?"

பேக்கேஜா இருந்தா அது தானா வந்திருக்கும் டீச்சர்னு நான் எந்த வாயால சொல்றது? நீங்களே சொல்லுங்க மக்களே.