கட்டிப் போட்ட கை

நான் தவில்காரன். சுதந்திரம் வந்த மறுவருடம், முகூர்த்தம் முகூர்த்தமாக ஓயாமல் வாசித்ததில் வலது மணிக்கட்டு வலி முழங்கை வரை ஏறிவிட்டது.

"ஆடி முச்சூடும் தவிலத் தொடப்படாது" என்றார் பாம்பன் வைத்தியர்.

ஆடியில் கல்யாணம் ஏது? தவிலை உறைக்குள் போட்டேன். வலி மட்டும் குறையவில்லை.

"தூங்கையில கட்டில் சட்டத்துல வாசிச்சுக்கிட்டே கெடக்கீக. பயமா இருக்கு" என்றாள் மனைவி.

நான் நம்பவில்லை. அவள் பிடிவாதத்துக்காக, மறுநாள் மதியம் வலது கையைக் கட்டிலோடு துண்டால் கட்டச் சொல்லிவிட்டுத் தூங்கினேன்.

தாளம் கேட்டு விழித்தேன். வலது கை கட்டுக்குள் அசையாமல் கிடந்தது. குச்சி பிடித்து மட்டுமே பழகிய இடது கை, வலது கையின் விரலடிகளைப் பிசகாமல் சட்டத்தில் வாசித்துக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க!" என்று அலறினாள்.

நிறுத்தத்தான் பார்த்தேன். அதுவரை, வாசிப்பது நான்தான் என்று நினைத்திருந்தேன்.