கண்ணளவு மாஸ்டரின் அகலத் திரை

மானிட்டர் வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதன் அடியில் இருக்கும் பட்டன்களை ஆயுசுக்கும் தொடுவதில்லை. எழுத்து மங்கினால் மூக்குக்கண்ணாடியை மாற்றுவார்களே தவிர செட்டிங்கை மாற்ற மாட்டார்கள். கம்ப்யூட்டர் பழுது பார்த்தே காலம் தள்ளும் எனக்கு இதில் கோபம் பொத்துக்கொண்டு வரும். வந்து என்ன செய்ய, என் பிழைப்பே அவர்களால்தான் ஓடுகிறது.

கண்ணளவு மாஸ்டரும் அந்த ரகம்தான். எங்கள் தெருமுனையில் தையல்கடை வைத்திருந்தார். உள்ளே நுழைகிற ஆளை ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார். கழுத்து, தோள், கை என்று அளவு வாயிலேயே வந்துவிடும். டேப்பைச் சுற்றுவதெல்லாம் வந்தவரின் மனத்திருப்திக்கு. "டேப்பை ஏமாத்தலாம், மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. என் கண்ணை ஏமாத்த முடியாது" என்பார். பெருமை கொஞ்சம் ஓவர்தான். ஆனால் அவர் வெட்டிய சட்டை பிசகியதில்லை என்பதால் நாங்கள் பொறுத்துக்கொண்டோம். வெட்டுவது அவர், காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் அவர் மனைவி. ஒரே மகன் வெளிநாட்டில் வேலையில் இருந்தான்.

திரை மங்கலாக இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குக் கூப்பிட்டார். வேலையை ஆரம்பித்துக்கொண்டே, எனக்கு ஒரு சட்டை வெட்ட வேண்டும் என்றேன்.

"வெட்டுறதை விட்டுட்டேன் தம்பி. கிழிசல் தைக்கிறதோட சரி. கை போச்சு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

போன வருடம் பழைய சதுர மானிட்டர் செத்துப்போக, யாரிடமோ இந்த அகலமானதை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அதில் முதல் தடவை மகனோடு வீடியோவில் பேசியபோதே அவன் நன்றாகச் சதை போட்டிருந்தானாம். தாய்க்குத் தலைகால் புரியவில்லை. "என் மூஞ்சியும் குண்டாத்தான் தெரியுது" என்று அந்த அம்மா சந்தேகப்பட்டதற்கு, "நீ குண்டுதானே" என்று மாஸ்டர் வாயை அடைத்துவிட்டார். திரையைப் பார்த்தே கண்ணளவாக இரண்டு சட்டை வெட்டித் தைத்து அனுப்பினார். போன வாரம் மகன் அதைப் போட்டுக்கொண்டு கேமரா முன்னால் வந்து உட்கார்ந்தால் காலர் ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம்.

"பெத்த பிள்ளைக்கே அளவு தப்பினவன் ஊரானுக்கு எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வெட்டுறது, சொல்லு."

வெளிச்சத்தை யாரோ பாதிக்கும் கீழே குறைத்து வைத்திருந்தார்கள். ஏற்றினேன். படம் தெளிந்ததும்தான் கவனித்தேன், வட்டமாக இருக்க வேண்டியதெல்லாம் முட்டையாக இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் பழைய கம்ப்யூட்டர் அனுப்புவது அகலம் குறைந்த படம். திரையோ அகலமானது. இடத்தை நிரப்புவதற்காக மானிட்டர் அந்தப் படத்தைப் பக்கவாட்டில் மட்டும் இழுத்துக் காட்டும். உயரம் அப்படியே இருக்கும், ஆள் மட்டும் பருத்துவிடுவான். படத்தை அதன் சொந்த வடிவத்தில் காட்டு என்று சொல்ல மெனுவிலேயே வழி இருக்கிறது. ஒரு வருடமாக யாரும் அதைத் திறக்கவில்லை.

திறந்து மாற்றினேன். இரண்டு ஓரமும் கறுப்பாயின.

"ரெண்டு பக்கமும் துணி வீணாப்போகுதே" என்றார். விளக்கிச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப என் கை தப்பு பண்ணலையா? இதுதான் இழுத்துக் காட்டியிருக்கா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "இந்தாம்மா, இங்க வாயேன். என் கை நல்லாத்தான் இருக்கு" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

"காஜா ரெண்டு பாக்கி இருக்கு, முடிச்சுட்டு வரேன்" என்றார் அந்த அம்மா.

திரையின் பின்னணியில் மகனின் படம் இருந்தது. போன வாரம் பேசும்போது எடுத்து வைத்தது. அதே புதுச் சட்டை. மாஸ்டர் அதைத் திரும்பப் பார்த்தார். கடைக்கு வருகிற ஆளைப் பார்ப்பதுபோல, ஏற இறங்க.

"இது பழைய அளவும் இல்லையே தம்பி, அதுக்கும் கீழல்ல இருக்கு" என்றார்.

கிளம்பலாம் என்று சாமான்களைப் பைக்குள் போடுவதற்குள் மகனின் அழைப்பு வந்துவிட்டது. கன்னம் ஒட்டியிருந்தான். மாஸ்டர் நலம்கூட விசாரிக்கவில்லை.

"டேப் இருக்கா? கழுத்தை அளந்து சொல்லு."

"எதுக்குப்பா இப்ப?"

"அள."

எங்கோ துழாவி எடுத்து வந்து சுற்றினான். "பதினஞ்சு" என்றான்.

"உள்ள விரலை விட்டிருக்க. எடு."

அவன் விரலை எடுத்தான்.

"பதிமூணரை."

பிறகு அவனே சொன்னான். வயிற்றில் ஒரு கட்டி. எடுத்தாகிவிட்டது, ஆனாலும் மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. முழுசாகப் போய்விட்டது என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை.

"முதல் தடவையே சொல்லணும்னுதான் வந்து உக்காந்தேன்பா. அம்மா என்னைப் பார்த்ததும், சதை போட்டுட்டான்னு அவ்வளவு சந்தோஷப்பட்டாங்க. அதைக் கெடுக்க மனசு வரல."

கை போயே தொலைந்திருக்கக் கூடாதா என்று அந்த மனுஷன் அப்போது வேண்டியிருப்பார். நான் வேண்டினேன். அவர் என் பக்கம் திரும்பாமலே, அடிக்குரலில், "பழையபடி ஆக்கிடு தம்பி, அவ வர்றதுக்குள்ள" என்றார். நான் பட்டனைத் தேடிக் கையை நீட்டினேன்.

"பதிமூணரையா சொன்னான்?"

ஊசியும் சட்டையுமாக அந்த அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். "அது அவன் பத்தாவது படிக்கிறப்போ போட்ட காலர் ஆச்சே."

தையல்காரர் வீட்டில் அதற்குமேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் கையை எடுத்துக்கொண்டேன். அவர் வந்து கணவரை நகரச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அழவில்லை, திட்டவில்லை.

"கிட்ட வாப்பா, உன்னைப் பார்க்கணும்" என்றார்.

அவன் கேமராவுக்குப் பக்கத்தில் நகர்ந்தான்.

"இன்னும் கிட்ட வா" என்றார்.